யாரிடம் இனியவர்?

நல்ல சுபாவமுள்ள ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டுமென்றால் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏமியபிள், அஃபபிள், ஜீனியல், குட்-நேச்சர்ட், அக்ரியபிள், கைண்ட், நைஸ் என்று வரிசை நீளும். அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்திருப்பார்கள். ஏமியபிளைத் தேடிப் போனவரை அது ஃபிரெண்ட்லியிடம் அனுப்பும், ஃபிரெண்ட்லி கைண்டிடம் கைகாட்டும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். இந்தச் சொற்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் முழுக்க வாசிப்பில் ஏற்பட்டது. ஆகவே இங்கே நான் நினைவுகூரப்போவதும் வாக்கியங்களைத்தான், அவற்றைச் சொன்ன கதைமாந்தர்களைத்தான். அவர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவரை இனியவர் என்று சொல்லும் வாக்கியம் ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் யார், அவர் எங்கே நின்று பார்த்தார், அந்த மனிதர் யாரிடம் இனிமையாக இருந்ததைப் பார்த்தார் என்ற மூன்றும் தெரியாதவரை அந்தச் சொல்லுக்கு எடை ஏறுவதில்லை. இலக்கணப்படி வாக்கியம் சரியாக இருக்கலாம். அது உண்மையா என்பது இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் சொற்களின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏமியபிள் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர், நண்பன் என்று பொருள்படும் லத்தீன் சொல். பின்னால் அது பிரெஞ்சில் அன்புக்குரிய என்ற பொருளுடைய இன்னொரு சொல்லோடு உருவிலும் ஒலியிலும் கலந்துபோனது. அதனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு திசைகள் சேர்ந்தன. அவர் மற்றவர்களிடம் நட்போடு இருக்கிறார் என்பது ஒரு திசை. அவரைப் பார்த்தால் நமக்குப் பிடித்துவிடுகிறது என்பது மறு திசை. முதலாவது அவருடைய குணத்தைச் சொல்கிறது, இரண்டாவது நம் மயக்கத்தைச் சொல்கிறது. இதே வேரிலிருந்து நேராக லத்தீன் வழியே வந்த அமிக்கபிள் என்ற சொல் மனிதரை விட்டு விலகி உடன்பாடுகளுக்கும் பிரிவுகளுக்கும் உரியதாகிவிட்டது. நீதிமன்றத்தில் சமரசத்தை அமிக்கபிள் என்பார்கள், சமரசம் செய்துவைத்தவரை ஏமியபிள் என்பார்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதைத் திருத்துவது எளிது, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. அஃபபிள் என்ற சொல்லின் கதைதான் சுவையானது. பேசு என்ற வினையிலிருந்து பிறந்தது அது. எளிதில் அணுகிப் பேச முடிகிறவர் என்பது அதன் முதற்பொருள். மில்டன் தன் காவியத்தில் ஆதாமோடு அமர்ந்து பேச வானிலிருந்து இறங்கி வந்த ரஃபேல் என்ற தேவதூதருக்கு இந்த அடையைத்தான் கொடுத்தார். மேலே இருப்பவர் கீழே இருப்பவர் அணுகும்படி இருப்பது என்ற நிறம் அந்தச் சொல்லில் அப்போதே ஏறிவிட்டது. திருக்குறளின் பண்புடைமை அதிகாரம் எண்பதம் என்ற சொல்லோடு தொடங்குவது தமிழ் வாசகருக்கு இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. எளிதில் காணவும் பேசவும் முடிகிறவராக இருத்தல் என்பதே அதற்கும் பொருள். ஆனால் வள்ளுவர் அந்தக் குறளிலேயே ‘யார்மாட்டும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். யாரிடம் என்ற கேள்வியை ஆங்கிலச் சொல் வாக்கியத்துக்கு வெளியே விட்டுவிட்டது, குறள் உள்ளே வைத்துக் கட்டிவிட்டது. என் வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் வருகிறது.

ஆங்கில இலக்கணமே இந்த வேறுபாட்டை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. ஒருவர் நமக்காக ஒரு காரியம் செய்தால், அப்படிச் செய்தது உங்கள் கைண்ட் குணம் என்ற அமைப்பில் நன்றி சொல்லலாம். அந்த இடத்தில் நைஸும் பொருந்தும், குட்-நேச்சர்டும் பொருந்தும். அஃபபிளையோ ஜீனியலையோ அங்கே வைத்துப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். செயலைத் தாங்கும் சொற்கள் ஒரு பக்கம், தோற்றத்தையும் தோரணையையும் மட்டும் தாங்கும் சொற்கள் ஒரு பக்கம் என்று மொழி தானாகவே பிரித்து வைத்திருக்கிறது. கைண்ட் என்றால் யாரிடம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஜீனியல் என்றால் அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை, இதமான வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல அது பொதுவாகப் பரவி நிற்கிறது. உண்மையிலேயே ஆங்கிலத்தில் நல்ல தட்பவெப்பத்தையும் அந்தச் சொல்லால் குறிப்பதுண்டு. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில், எப்பக்கமும் சாயக்கூடியதாக நிற்பது ஏமியபிள். அதனால்தான் அதன்மேல் ஒரு பெரிய எழுத்தாளரின் கவனம் விழுந்தது.

ஜேன் ஆஸ்டினைத்தான் சொல்கிறேன். 1813-இல் வெளிவந்த ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ நாவலைக் காதல் கதையாகப் படிக்கலாம். ஏமியபிள் என்ற சொல்லை எலிசபெத் பென்னட் யார் யாருக்குக் கொடுக்கிறாள் என்ற கதையாகவும் படிக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பே நிலைத்துவிட்டது. பதினாறாவது அத்தியாயத்தில், ஊருக்குப் புதிதாக வந்த விக்கம் என்ற இளம் ராணுவ அதிகாரி தனக்கு டார்சி என்ற செல்வந்தர் இழைத்த அநியாயத்தை அவளிடம் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் எலிசபெத் ஒரே உரையாடலில் அந்தச் சொல்லைப் பல இடங்களில் செலவழிக்கிறாள். டார்சியின் நண்பன் பிங்லி உண்மையிலேயே ஏமியபிள், அவன் எப்படி இப்படிப்பட்டவனோடு நட்பாக இருக்கிறான் என்று வியக்கிறாள். அது சரியான பயன்பாடு. பிங்லியை அவள் பல நாள் பார்த்திருக்கிறாள், தன் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அதே மூச்சில் விக்கமுக்கும் அந்தச் சொல் போகிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனதுக்குள் நினைத்துக்கொள்கிறாள். உங்களைப் போன்ற ஒருவருக்கு, முகமே ஏமியபிள் என்று ஜாமீன் சொல்லும் ஒருவருக்கு இப்படி நேர்ந்ததே என்று உள்ளுக்குள் உருகுகிறாள். சாட்சிக்கூண்டில் முகம் ஏறி நிற்கிறது, வேறு சாட்சி கிடையாது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் ஒரு தேவாலயப் பதவிக்குப் பதிலாக மூவாயிரம் பவுண்டை வாங்கிக்கொண்டு செலவழித்தவன். பிறகு முப்பதாயிரம் பவுண்டு சொத்துள்ள பதினைந்து வயதுப் பெண்ணை, டார்சியின் தங்கையை, கூட்டிக்கொண்டு ஓட முயன்றவன். இது அவளுக்குத் தெரியவர இன்னும் ஏறக்குறைய இருபது அத்தியாயம் ஆகும். எலிசபெத் முட்டாள் இல்லை, அந்த நாவலிலேயே கூர்மையான மூளை அவளுடையது. அவள் செய்த தவறு சொல்லின் இரண்டாவது திசையை முதலாவதாக எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை அவன் நல்லவன் என்று மொழிபெயர்த்துவிட்டாள். ஒரே சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்ததால் அந்த மொழிபெயர்ப்பு நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அதே நாவலில் அஃபபிள் என்ற சொல்லுக்கு இரண்டு சாட்சிகள் வருகிறார்கள். ஒருவர் பாதிரியார் காலின்ஸ். தனக்கு வேலை கொடுத்த லேடி கேதரினிடம் கண்ட அஃபபிலிட்டியைப் போல எந்த உயர்குலத்தவரிடமும் கண்டதில்லை என்று பென்னட் வீட்டு உணவு மேசையில் மெய்சிலிர்க்கச் சொல்கிறார். கூடவே கண்டிசென்ஷன் என்ற சொல்லையும் சேர்க்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் அது வசை. அன்றைக்கு அது பாராட்டு, பெரிய மனிதர் தம் உயரத்தை மறந்து இறங்கிவருவதற்குப் பெயர். பின்னால் லேடி கேதரினை நாம் நேரில் பார்க்கும்போது, அவர் விருந்துக்கு வந்த எலிசபெத்தின் வயதையும் அவள் அம்மாவின் வளர்ப்பையும் குடைந்து குடைந்து விசாரிப்பவர் என்று தெரிகிறது. காலின்ஸ் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்தது. அவருடைய சோறும் வீடும் அந்தப் பெண்மணியின் கையில் இருந்தன. இன்னொரு சாட்சி நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறார், பெம்பர்லி மாளிகையைப் பராமரிக்கும் திருமதி ரெனால்ட்ஸ். தன் எசமானர் டார்சியை நான்கு வயதிலிருந்து அறிந்தவர். இதுநாள்வரை தன்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை என்கிறார். சின்ன வயதில் குட்-நேச்சர்டாக இருப்பவர்கள் வளர்ந்த பிறகும் அப்படியே இருப்பதைத் தாம் கவனித்திருப்பதாகச் சொல்கிறார். அவருடைய அப்பாவைப் போலவே இவரும் ஏழைகளிடம் அஃபபிளாக இருப்பார் என்கிறார். காலின்ஸின் வாக்கியத்துக்கும் இந்த வாக்கியத்துக்கும் வேறுபாடு ஒரு வேற்றுமை உருபில் இருக்கிறது. ஏழைகளிடம். அந்த ஒரு சொல் சேர்ந்தவுடன் பாராட்டு சாட்சியமாகிவிடுகிறது. கேட்டுக்கொண்டு நிற்கும் எலிசபெத் அந்த நிமிஷத்தில் எத்தனை ஏமியபிளான ஒளியில் இது அவரைக் காட்டுகிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். முகத்தை ஜாமீனாக எடுத்துக்கொண்டு விக்கமுக்குக் கொடுத்த அதே சொல் இங்கே ஒரு வேலைக்காரப் பெண்மணியின் இருபது வருட அனுபவத்தை ஜாமீனாகக் கொண்டு வேறொருவரிடம் நகரத் தொடங்குகிறது.

இங்கே ஒரு தடை எழும், எழத்தான் வேண்டும். திருமதி ரெனால்ட்ஸும் சம்பளத்துக்கு இருப்பவர்தானே, காலின்ஸைச் சந்தேகிப்பதுபோல் இவரை ஏன் சந்தேகிக்கக் கூடாது என்று கேட்கலாம். ஆஸ்டினே இந்தக் கேள்வியை நாவலுக்குள் வைத்திருக்கிறார். எலிசபெத்தின் மாமா அந்தப் புகழுரையைக் கேட்டு, பழைய வேலைக்காரர்களுக்கு இருக்கும் குடும்பப் பாசம் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்கிறார். தாராளமாகக் கொடுக்கும் எசமானரிடம் வேலைக்காரர் கண்ணுக்கு எல்லா நற்குணமும் தெரியும் என்று மாமி பிறகு சொல்கிறாள். இந்தத் தடையை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். ஆனால் இரண்டு சாட்சியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலின்ஸ் சொன்னதில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. தன்னிடம் எப்படி நடந்துகொண்டார், தன்னை எத்தனை முறை விருந்துக்கு அழைத்தார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ரெனால்ட்ஸ் சொன்னதில் குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள், மற்ற வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், ஏழைகள் இருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள் என்று அவர் சரிபார்க்க வழிவிடுகிறார். எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டையும் அவரே எடுத்து வைக்கிறார். சிலர் அவரைக் கர்வி என்கிறார்கள், மற்ற இளைஞர்களைப் போல் வாய் ஓயாமல் பேசாததால் அப்படித் தோன்றுகிறது போலும் என்கிறார். அடுத்த அத்தியாயத்தில் ஊராரின் பேச்சு தனியாக வருகிறது. கர்வம் என்ற ஒன்றைத் தவிர அவர்மேல் குறை சொல்ல அவர்களுக்கு ஏதுமில்லை, ஏழைகளுக்கு நிறையச் செய்பவர் என்பதை ஒத்துக்கொள்கிறார்கள். விக்கம் அந்தப் பகுதியில் விட்டுப்போன கடன்களை டார்சி அடைத்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாட்சிக்குச் சாய்வு இருக்கலாம். அந்தச் சாய்வைத் தாண்டி நிற்கும் அளவுக்கு விவரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டு வருடம் கழித்து, 1815 டிசம்பரில் வெளிவந்த ‘எம்மா’வில் ஆஸ்டின் இந்தச் சொல்லை நேராகவே விவாதப் பொருளாக்கினார். ஃபிராங்க் சர்ச்சில் என்ற இளைஞன் தன் அப்பாவின் மறுமணத்துக்குப் பிறகு புது அம்மாவைப் பார்க்க வருகிறேன் வருகிறேன் என்று அழகான கடிதங்கள் எழுதுகிறான், வருவதில்லை. அவன் ஏமியபிளான இளைஞன் என்று எம்மா பரிந்து பேசுகிறாள். அவளுடைய குடும்ப நண்பர் நைட்லி மறுக்கிறார். அவன் பிரெஞ்சில் மட்டும்தான் ஏமியபிளாக இருக்க முடியும், ஆங்கிலத்தில் முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். நடையுடை பாவனை நன்றாக இருக்கலாம், பேச இனிமையாக இருக்கலாம், ஆனால் பிறர் மனது நோகாமல் நடக்கும் நுண்மை அவனிடம் இல்லை என்கிறார். பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நாட்டின் பெயரால் குணத்தைப் பிரித்ததை நான் ஏற்கவில்லை. நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன, அந்தக் காலத்து இங்கிலாந்தின் மனக்கசப்பு அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆனால் அவர் பிரித்த பிரிவு சரியானது. அதற்குப் பின்னால் பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு பெரிய விவாதமே நிற்கிறது. 1774-இல் அச்சான செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் கடிதங்கள் பிறரை மகிழ்விக்கும் கலையை மகனுக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தன. அந்தக் கலையில் இனிமை என்பது முன்னேறுவதற்கான கருவி. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 1759-இல், ஆடம் ஸ்மித் தம் ஒழுக்கவியல் நூலில் ஏமியபிளான நற்குணங்கள் என்று ஒரு வகையையே தனியாகப் பிரித்திருந்தார். அவருக்கு அந்தச் சொல் மற்றவரின் உணர்வுக்குள் நுழைந்து பார்க்க ஒருவர் எடுக்கும் முயற்சியைக் குறித்தது. தன் உணர்ச்சியை அடக்கி ஆளும் முயற்சியை மதிப்புக்குரிய நற்குணம் என்று வேறாக வைத்தார். செஸ்டர்ஃபீல்டின் இளைஞனைச் சர்ச்சிலாகவும் ஸ்மித்தின் மனிதரை நைட்லியாகவும் பார்ப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

நைட்லி பொறாமையில் பேசுகிறார், எம்மாவை அவர் காதலிப்பதை அவரே அப்போது உணரவில்லை, பார்க்காத ஒருவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார், அவர் தரும் வரையறையை எப்படி நம்புவது என்று ஒரு நல்ல வாசகர் கேட்பார். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு நாவல் கொடுக்கும் பதில் நைட்லியின் பேச்சில் இல்லை, அவருடைய தோட்டத்தில் இருக்கிறது. அவர் வீட்டில் மிஞ்சியிருந்த சமையல் ஆப்பிள்களையெல்லாம் மிஸ் பேட்ஸுக்கு அனுப்பிவிடுகிறார். அவருடைய பண்ணை நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்லியம் லார்கின்ஸ் மூலம் அது வெளியே தெரிந்துவிடுகிறது, இனி எசமானர் அந்த வசந்தத்தில் ஆப்பிள் பலகாரம் சாப்பிட முடியாதே என்று அவர் வீட்டுச் சமையல் பொறுப்பிலுள்ள பெண்மணிக்கு வருத்தம். மிஸ் பேட்ஸ் யார்? வசதியாகப் பிறந்து வறுமைக்கு இறங்கிய, கல்யாணமாகாத, நிறுத்தாமல் பேசுகிற, ஊரில் யாருக்கும் எந்த நன்மையும் செய்ய முடியாத பெண். நடன விருந்தில் எம்மாவின் தோழி ஹேரியட் ஸ்மித்தோடு ஆட மறுத்து ஊர்ப் பாதிரியார் எல்டன் அவளை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தியபோது, அதுவரை ஆடாமல் நின்ற நைட்லி போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஆடுகிறார். பாக்ஸ் ஹில் குன்றில் எம்மா மிஸ் பேட்ஸைக் கேலி செய்து புண்படுத்திய பிறகு, அவள் உனக்குச் சமமான நிலையில் இருந்திருந்தால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன், அவள் ஏழை என்று கண்டிக்கிறார். சர்ச்சில் அதே குன்றில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவன் ரகசியமாக மணம் பேசியிருந்த ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பொறாமையில் பிறந்த ஒரு வரையறை சரியாகவும் இருக்கலாம். அதை முன்வைத்தவர் தானே அதற்கு உட்பட்டு நடக்கிறாரா என்று பார்த்தால் போதும்.

எல்லோரிடமும் இனிமையாக இருப்பதுதானே ‘யார்மாட்டும்’, அப்படியானால் சர்ச்சில் அந்தத் தேர்வில் தேறிவிடுகிறானே என்றும் கேட்கலாம். இந்தக் கேள்வி எனக்கு நெடுநாள் இடைஞ்சலாகவே இருந்தது. ஆஸ்டின் இறந்த 1817-ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்த ‘பெர்சுவேஷன்’ நாவலில்தான் இதற்கு விடை கிடைக்கிறது. ஆன் எலியட் தன் உறவினர் எலியட்டைப் பற்றி யோசிக்கிறாள். அறிவாளி, பண்பாளர், பேச இனியவர். அவள் அப்பா வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குணம், அவர் அத்தனை பேரையும் மகிழ்வித்துவிடுகிறார். அதுவே அவளுக்கு உறுத்துகிறது. எப்போதாவது யோசிக்காமல் ஒரு வார்த்தை விட்டுவிடுகிறவர்களின் நேர்மையை நம்புவது அவளுக்கு எளிதாக இருக்கிறது. எம்மாவும் சர்ச்சிலின் அப்பா வெஸ்டனைப் பற்றி இதே போல ஒன்றை உணர்ந்திருக்கிறாள். எல்லோருக்கும் நெருங்கிய நண்பராக இருப்பவரின் நட்பில் பெருமைப்பட என்ன இருக்கிறது, பொதுவான நல்லெண்ணம் வேண்டும், பொதுவான நட்பு வேண்டாம் என்பது அவள் முடிவு. வேறுபாடு இங்கே இருக்கிறது. எலியட் ஒவ்வொருவரையும் தன் பக்கம் ஈர்க்கிறார், ஒவ்வொருவரும் அவருக்கு ஏதோ ஒருவகையில் பயன்படக்கூடியவர்கள். பயன்படாதவரை, நோயில் வறுமையில் கிடக்கும் திருமதி ஸ்மித்தை, அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தன் நண்பனின் விதவை அவள், அந்த நண்பனின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவரிடமே இருந்தது. ‘யார்மாட்டும்’ என்பதில் அந்த ஒருத்தி சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. வரவேற்பறையில் இருக்கும் எல்லோரும் என்பது எல்லோரும் ஆகாது.

ஆஸ்டினுக்குப் பிறகு ஏமியபிள் இளைத்துப்போனது. நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸ் அதைத் தம் லார்டு எம்ஸ்வொர்த்துக்குச் சூட்டியபோது அது மந்தபுத்தியின் கூட்டாளியாகிவிட்டது. வாஷிங்டனில் வழக்கறிஞரும் பல அதிபர்களின் ஆலோசகருமான கிளார்க் கிளிஃபர்டு, அதிபர் ரீகனை இந்தச் சொல்லோடு மடையன் என்பதையும் சேர்த்து வர்ணித்தது அமெரிக்க அரசியலில் பிரபலம். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை ஏமியபிள் என்றால் காது அடுத்து ஒரு ஆனால் வருமென்று எதிர்பார்க்கிறது. தமிழிலும் இது நடந்திருக்கிறது. சாது என்ற சொல் துறவியிடமிருந்து இறங்கி ஏமாளியின் பக்கத்துக்கு வந்துவிட்டது. வெள்ளந்தி என்று அன்போடு தொடங்கும் வாக்கியம் அவரை யார் ஏமாற்றினார்கள் என்பதில் முடிகிறது. நல்ல மனுஷன்தான் என்பதில் அந்த ‘தான்’ மட்டும் எவ்வளவு வேலை செய்கிறது! நல்ல சுபாவத்தைக் குறிக்கும் சொற்கள் இப்படி நலிவது ஏன் என்று யோசித்தால், அவற்றை நாம் ஆதாரமில்லாமல் அள்ளி வீசியதுதான் காரணம் என்று தோன்றுகிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் இனியவர் என்று சொல்லி நிரப்பினோம். கேட்பவர் அதைச் சொல்ல ஒன்றுமில்லை என்று சரியாகவே புரிந்துகொண்டார்.

மொழி மாறத்தானே செய்யும், நைஸ் என்ற சொல் ஒரு காலத்தில் அறியாதவன் என்ற பொருளில் இருந்து இன்றைக்கு எங்கே வந்திருக்கிறது, அதற்காக அழ முடியுமா என்பார்கள். உண்மை. ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஹென்றி டில்னி நைஸ் என்ற சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டதைப் பற்றிக் கேத்தரினைக் கேலி செய்கிறான், அந்தக் கேலிக்குப் பிறகும் இருநூறு வருடமாக அந்தச் சொல் தன் வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பழைய பொருளுக்குத் திரும்பிப் போக வேண்டுமென்று நான் கேட்கவில்லை, சொல்லைப் பூட்டி வைக்கவும் சொல்லவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவரைப் பற்றி நைஸ் என்று சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒருவர் ஒருவரை நம்பி வேலை கொடுக்க, வீடு கொடுக்க, பெண் கொடுக்க நம் வாக்கியத்தைக் கேட்கும்போது நிலைமை வேறு. அங்கே இனியவர் என்று முடித்துவிட்டால் நம் மயக்கத்தை அவர்கள் தலையில் கட்டுகிறோம். அங்கே ஏமியபிளுக்குப் பின்னால் ஒரு ‘யாரிடம்’ வரட்டும், ஒரு ‘எப்போது’ வரட்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் தவறு செய்த நாளில் எப்படிப் பேசினார் என்ற ஒரு வரி, பத்து அடைமொழிகளை விட அதிகம் சொல்லும்.

நான் கடினமென்று நினைக்கும் தடை ஒன்று மிச்சமிருக்கிறது. இப்படியெல்லாம் செயலுக்கும் இதயத்துக்கும் எடை கொடுத்தால் முகமலர்ச்சிக்கு மதிப்பில்லாமல் போய்விடுமே, நல்லவர்கள் முரடர்களாக இருக்க அனுமதி கொடுத்ததாகிவிடாதா? ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ நாவலின் தொடக்கத்தில், ஊர் நடனத்தில், எலிசபெத்தின் காதில் விழும்படி அவள் ஆடத் தூண்டும் அளவுக்கு அழகில்லை என்று டார்சி சொன்னார். அந்த இரவு அவரிடம் ஏமியபிள் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ஏழைகளுக்கு அவர் எவ்வளவு கொடுத்திருந்தாலும் இல்லை. பின்னால் அவரே இதை ஒத்துக்கொள்கிறார். கொள்கையளவில் நல்லதைக் கற்பித்தார்கள், நடப்பில் சுயநலமாகவே வளர்ந்தேன் என்று எலிசபெத்திடம் சொல்கிறார். ஆகவே அவள் முதலில் அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்க மறுத்தது தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். விக்கமுக்குக் கொடுத்தது மட்டுமே தவறு. முகமலர்ச்சி தேவையில்லாத ஆடம்பரம் என்று நான் வாதாடவில்லை. அணுக எளியவராக இருப்பதும் பிறர்மேல் வைக்கும் அக்கறையின் ஒரு பகுதி. முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்யும் உதவியை வாங்கிக்கொள்கிறவருக்குத் தெரியும் அதன் கசப்பு. பெம்பர்லியில் எதிர்பாராமல் சந்தித்தபோது, தொழில் செய்து பிழைக்கும் அவள் மாமாவை டார்சி மரியாதையாக வரவேற்று, தன் ஆற்றில் மீன் பிடிக்க வரச் சொல்கிறார். பழைய டார்சி அந்த மனிதரை அறிமுகப்படுத்தும்படி கேட்டிருக்கவே மாட்டார். குணமும் பாவனையும் அந்த இடத்தில்தான் ஒன்றாகச் சேர்கின்றன, ஏமியபிள் என்ற சொல் முழுதாகப் பொருந்தும் ஆளும் அப்போதுதான் உருவாகிறார்.

ஐம்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் எலிசபெத் அந்தச் சொல்லை மீண்டும் ஒருமுறை எடுக்கிறாள். டார்சியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்கிறாள். அப்பாவுக்கு அவரைக் கர்வம் பிடித்த, பிடிக்காத மனிதராக மட்டுமே தெரியும். மகள் பணத்துக்காக ஒத்துக்கொண்டாளோ என்று கலங்குகிறார். கண்ணீரோடு அவள் அவர் முற்றிலும் ஏமியபிளானவர், உங்களுக்கு அவரைத் தெரியாது என்கிறாள். அந்தச் சொல்லுக்கு அப்பா அசைந்துகொடுக்கவில்லை. மகளுக்குச் சமமான துணை வேண்டும் என்று எச்சரிக்கத்தான் செய்கிறார். அதன் பிறகு அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். அவரைப் பற்றிய தன் எண்ணம் எப்படிப் படிப்படியாக மாறியது, அவருடைய அன்பு எத்தனை மாதம் நம்பிக்கையில்லாமலும் நின்றுபிடித்தது, அவரிடம் கண்ட நல்ல குணங்கள் என்னென்ன என்று. அப்பா மெல்ல நம்புகிறார். கடைசியில், ஓடிப்போன தங்கை லிடியாவுக்காக டார்சி யாருக்கும் சொல்லாமல் செய்ததைச் சொல்கிறாள். விக்கமைத் தேடிப் பிடித்து, அவன் கடனை அடைத்து, அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது அவர்தான் என்று. அப்பா வியந்துபோய்க் கேட்கிறார். அந்தப் பணத்தைக் கொடுத்தது தன் மைத்துனர் என்றுதான் அதுவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற கவலை அவருக்கு இருந்தது. நாளைக்கு டார்சியிடம் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்வேன், அவர் உன்மேல் உள்ள காதலைச் சொல்லிக் கொந்தளிப்பார், விஷயம் அதோடு தீர்ந்தது என்கிறார்.